நாவிக், ஜிபிஎஸ்: வழிகாட்டும் செயற்கைக்கோள்களுக்குப் பொறுப்பு யார்?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களில், வழியில் வண்டியை நிறுத்தி விசாரிப்பவர்கள் இன்று குறைவு. டிரைவர் போனை எதிரில் மாட்டிவிட்டு அது சொல்லும் பக்கம் திரும்புகிறார். ஒலிமுகமதுபேட்டையில் ஒரு வீட்டில் தொழுகை நேரத்தைப் போனில் உள்ள செயலி சொல்கிறது. பள்ளி வேன் எங்கே வருகிறது என்று தாய் போனில் பார்க்கிறார். பள்ளிவாசல் நிர்வாகிகள் வக்ஃபு சொத்தைப் பதிவு செய்ய அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறித்துக்கொள்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒன்றுதான்: வானிலிருந்து வரும் நேர சிக்னல். அந்த சிக்னல் யாருடையது? அது தவறினால் யாரைக் கேட்பது? நம் நாட்டில் இதற்குப் பொறுப்பான துறை எது? நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்களை இக்கட்டுரையில் பார்ப்போம்.

செயற்கைக்கோள் என்ன செய்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்வோம். வழிகாட்டும் செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை. நாம் இருக்கும் இடம் அதற்குத் தெரியாது. "நான் இங்கே இருக்கிறேன், இப்போது நேரம் இது" என்று அது ஓயாமல் ஒலிபரப்புகிறது. நம் போன் அதைக் கேட்டு, சிக்னல் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், நாம் இருக்கும் இடமும் உயரமும் சரியான நேரமும் தெரிந்துவிடும்.

ரேடியோ அலை ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். கடிகாரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரக் கணக்கில் 300 மீட்டர் பிசகும். அதனால்தான் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரங்கள் வைக்கிறார்கள். கடிகாரம் கெட்டால் செயற்கைக்கோள் வானில் இருந்தும் வழிகாட்டப் பயன்படாது. இந்தியாவுக்கு நேர்ந்தது இதுதான் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

நம் இருப்பிடம் பிறருக்குத் தெரிவது போனில் உள்ள செயலிகள் இணையம் வழியாக அதை அனுப்புவதால். ஆகவே பிள்ளைகளின் போனில் எந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறோம் என்பதைப் பெற்றோர் பார்க்க வேண்டும்.

ஜிபிஎஸ்: ராணுவத்திலிருந்து பொதுமக்களுக்கு

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவம் தன் தேவைக்காக உருவாக்கியது. 1983 செப்டம்பர் 1 அன்று, பாதை விலகிச் சோவியத் வான்பரப்புக்குள் சென்ற கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் உயிரிழந்தனர். அதன்பின், ஜிபிஎஸ் தயாரானதும் பொதுமக்களும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. ஆனாலும் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டது. சுமார் 100 மீட்டர் வரை இடம் மாறிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டன் உத்தரவால் அந்தப் பிழை நீக்கப்பட்டது. இன்று வாடகைக் கார் நம் வாசலுக்கே வந்து நிற்பதற்கு அந்த உத்தரவும் ஒரு காரணம்.

பாதுகாப்புத் துறையின் சொத்தை விமானம், வங்கி, விவசாயம், மின்சாரம் எனப் பல துறைகள் நம்பியிருக்கும்போது யார் பேச்சு எடுபடும் என்ற கேள்வி எழுந்தது. 2004 டிசம்பரில் வந்த அதிபர் உத்தரவு இதற்கு ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. பாதுகாப்புத் துறையின் துணைச் செயலரும் போக்குவரத்துத் துறையின் துணைச் செயலரும் இணைந்து தலைமை ஏற்கும் தேசியக் குழு ஒன்று அமைந்தது. அதன் அன்றாட வேலைக்கு வாஷிங்டனில் தேசிய ஒருங்கிணைப்பு அலுவலகம் வந்தது. ராணுவத்தின் தேவையையும் பொதுமக்களின் தேவையையும் ஒரே மேசையில் வைத்துப் பேச இது வழி செய்தது.

ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவையும் உலகம் முழுவதற்கும் சேவை தருகின்றன. இன்றைய போன்கள் பெரும்பாலும் இவற்றில் பலவற்றை ஒரே நேரத்தில் கேட்பவை.

நம் நாட்டின் நாவிக்

அடுத்த நாட்டின் சிக்னலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2006 மே மாதத்தில் சொந்த அமைப்புக்கு ஒப்புதல் தந்தது. முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ஏழாவது 2016 ஏப்ரல் 28 அன்று ஏவப்பட்டபோது, இந்த அமைப்புக்கு 'நாவிக்' என்று பிரதமர் பெயரிட்டார்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமி முழுவதையும் சுற்றுகின்றன. நாவிக் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், எப்போதும் நம் பகுதியை நோக்கியே இருக்கிறது. இந்தியாவும் அதன் எல்லையிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் தூரமும் இதன் சேவைப் பரப்பு. 20 மீட்டருக்குள் இடத்தைச் சரியாகக் காட்டுவது இலக்கு. பெங்களூருக்கு அருகில் உள்ள பயலாலுவில் கட்டுப்பாட்டு மையம் இயங்குகிறது.

சோதனையும் வந்தது. முதல் தலைமுறை செயற்கைக்கோள்களில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய அணுக் கடிகாரங்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் மூன்று. முதல் செயற்கைக்கோளில் மூன்றும் பழுதாயின. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்ட் 31 அன்று அனுப்பியது, ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாததால் வீணானது. 2018 ஏப்ரலில் அனுப்பிய அடுத்த மாற்று வெற்றி பெற்றது.

2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 இரண்டாம் தலைமுறையின் முதல் செயற்கைக்கோள். உள்நாட்டில் தயாரித்த அணுக் கடிகாரம் அதில் இருந்தது. சாதாரண போன்களும் கைக்கடிகாரங்களும் எளிதில் கேட்கக்கூடிய எல்1 அலைவரிசையும் அதில் சேர்க்கப்பட்டது. 2025 ஜனவரி 29 அன்று சென்ற என்விஎஸ்-02, ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ராக்கெட்டில் பயணித்தது. ஆனால் அதன் எஞ்சினுக்கு ஆக்சிஜனேற்றி செல்லும் வால்வு திறக்காததால் உரிய பாதையை அடையவில்லை.

2025 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கணக்கைச் சொன்னது. அதுவரை ஏவிய 11 செயற்கைக்கோள்களில் இடமும் நேரமும் தரும் சேவையில் இருந்தவை 4. இன்னும் 4 ஒருவழிச் செய்தி ஒலிபரப்புக்கு மட்டும் பயன்பட்டன. ஒன்று ஓய்வு பெற்றது. இரண்டு உரிய பாதையை அடையாதவை. இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கு வேண்டும் என்று மேலே பார்த்தோம். நான்கு மட்டும் இருக்கும்போது ஒன்று பழுதானாலும் நாவிக் தனித்து இயங்க முடியாது. நம் போன் உடனே நின்றுவிடாது, மற்ற நாடுகளின் சிக்னலைக் கேட்டுக்கொள்ளும். ஆனால் சொந்த அமைப்பை எதற்காகத் தொடங்கினோமோ அந்த நோக்கம் நிறைவேறாமல் போகும்.

எந்தத் துறை எதைக் கவனிக்கிறது?

செயற்கைக்கோளைச் செய்து பராமரிப்பது விண்வெளித் துறையின் கீழ் உள்ள இஸ்ரோ. பயன்பாடு பல அமைச்சகங்களில் பிரிந்து கிடக்கிறது.

*ஆகாயம்:* ஜிபிஎஸ் சிக்னலில் உள்ள பிழையைத் திருத்தி விமானங்களுக்குத் தரும் 'ககன்' அமைப்பை இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கின. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோ விமானம் ககன் உதவியுடன் தரையிறங்கிச் சோதனை செய்தது.

*சாலை:* ஏஐஎஸ் 140 என்ற விதிப்படி, 2019 ஏப்ரல் முதல் புதிய வணிகப் பயணிகள் வாகனங்களில் நாவிக் வசதியுள்ள இருப்பிடக் கருவியும் அவசர பட்டனும் கட்டாயம். இது சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பொறுப்பு. அதே அமைச்சகம் 2024 செப்டம்பரில், செயற்கைக்கோள் வழியாகச் சுங்கக் கட்டணம் வசூலிக்க விதி கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில், மே 1 முதல் நாடு முழுவதும் அதை நடைமுறைப்படுத்த எந்த முடிவும் எடுக்கவில்லை என்று விளக்கமளித்தது. ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடியைத் தாண்டும் காஞ்சிபுரத்துக்காரர்கள் ஃபாஸ்டேக்கைக் கழற்றிவிட வேண்டாம்.

*நேரம்:* இந்திய நேரத்தைப் பராமரிப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். வங்கிப் பரிவர்த்தனை, மின்கட்டமைப்பு, போன் கோபுரம் எல்லாம் துல்லிய நேரத்தை நம்பியவை. நுகர்வோர் விவகாரத் துறையும் இஸ்ரோவும் இந்த ஆய்வுக்கூடத்துடன் சேர்ந்து நாடு முழுவதற்கும் ஒரே நேரம் தரும் பணியைச் செய்கின்றன.

*போன்:* 2020 முதல் நாவிக் கேட்கும் சிப் உள்ள போன்கள் சந்தைக்கு வந்தன. 2023இல் ஐபோன் 15 ப்ரோவிலும் இது சேர்ந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஐபோன்கள் பொருத்தப்படுகின்றன. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இது சோறு போடும் தொழில்.

இவற்றை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் முயற்சியாக, விண்வெளித் துறை 2021இல் செயற்கைக்கோள் வழிகாட்டல் கொள்கையின் வரைவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. சேவை இடைவிடாமல் கிடைக்க வேண்டும், மற்ற நாடுகளின் அமைப்புகளுடன் இணைந்து இயங்க வேண்டும், சேவைப் பரப்பு உலகளவில் விரிய வேண்டும் என்பன அதன் நோக்கங்கள். 2023இல் பொதுவான இந்திய விண்வெளிக் கொள்கை வந்தது. சர்வதேச அளவிலும் இந்தியா பேசி வருகிறது: ஐ.நா. ஆதரவில் இயங்கும் செயற்கைக்கோள் வழிகாட்டல் குழுவின் கூட்டம் 2019 டிசம்பரில் பெங்களூரில் நடந்தது. 2020 நவம்பரில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு நாவிக்கைக் கப்பல்களுக்கான வழிகாட்டும் அமைப்பாக அங்கீகரித்தது.

ஒக்கி புயல் தந்த பாடம்

ஒருங்கிணைப்பு என்பது கோப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைப்பவர்களுக்கு, 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக் கடலில் வீசிய ஒக்கி புயல் ஒன்றே போதும். ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்கள் பலருக்குப் புயல் எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் எடுக்காது. வானிலை எச்சரிக்கை கரையில் இருந்தது, செயற்கைக்கோள் வானில் இருந்தது. இரண்டையும் படகுடன் இணைக்கும் ஏற்பாடுதான் இல்லை.

அதன்பிறகு, ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமும் இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து வேலை செய்தன. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கையடக்கக் கருவி வெளியானது. செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடத்தையும் அது மீனவரின் போனுக்கு அனுப்பும். ஆனால் படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறை ஆபத்து அறிவிப்புக் கருவியில் இந்தக் குறை தீர்ந்தது: உதவி கேட்டால், கேட்டது கிடைத்தது என்ற பதில் படகுக்கே வரும். 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு 364 கோடி ரூபாய் செலவில் கருவி பொருத்தும் திட்டமும் தொடங்கியது.

செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்த 2019 நவம்பர் 29 வரை, கோவளம் கடற்கரையும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. கோவளம், தொண்டி, கீழக்கரை என்று கடலை நம்பியுள்ள ஊர்களில் நம் சொந்தங்கள் இருக்கிறார்கள். படகில் கருவி இருக்கிறதா, அதைப் பயன்படுத்தத் தெரியுமா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது உயிர் காக்கும் காரியம்.

சிக்னலைக் கெடுப்பவர்கள்

செயற்கைக்கோள் சிக்னல் தரையை அடையும்போது மிகவும் பலவீனமாக இருக்கும். அதே அலைவரிசையில் பலமான இரைச்சலை அனுப்பி அதை மறைக்கலாம். போலி சிக்னல் அனுப்பிக் கருவியை ஏமாற்றவும் செய்யலாம். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில் 465 முறை விமானங்களுக்கு இத்தகைய இடையூறு நேர்ந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்தை நெருங்கிய விமானங்களும் போலி சிக்னலைச் சந்தித்தன. 2025 ஜூனில் ஈரான், இஸ்ரேல் மோதலின்போது ஹோர்முஸ் நீரிணையில் கப்பல்களின் வழிகாட்டும் கருவிகள் தடுமாறின. வளைகுடாவில் வேலை செய்யும் குடும்பத்தாரை உடைய நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

விமானம் இதனால் மட்டும் ஆபத்தில் சிக்கிவிடாது. தரையில் உள்ள ரேடியோ வழிகாட்டிகள் மாற்றாக இருக்கின்றன. மாற்று ஏற்பாடு எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

வளைகுடாவிலிருந்து வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிக்னலைக் கேட்க மட்டும் செய்யும் போனும் கைக்கடிகாரமும் பிரச்சினை இல்லை. ஆனால் துரையா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் போன்களையும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் மலையேற்றக் கருவிகளையும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. அறியாமல் எடுத்துவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

தொழுகை நேரமும் கிப்லாவும்

தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு 4 நிமிடம் வித்தியாசம். காஞ்சிபுரம் சென்னைக்கு மேற்கே அரைப் பாகைக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருப்பதால், சூரியன் சுமார் 2 நிமிடம் பிந்தி மறையும். செயலியில் ஊர் 'சென்னை' என்று இருந்தால், காஞ்சிபுரத்தில் நோன்பு திறக்கும் நேரம் 2 நிமிடம் முந்திவிடும். ரமழானில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே. செயற்கைக்கோள் நமக்குத் தருவது இடத்தை மட்டும். போனில் திசை காட்டுவது உள்ளே இருக்கும் காந்த உணரி. இரும்பு பீரோ, கார், காந்த மூடியுள்ள போன் உறை ஆகியவற்றின் அருகில் அது தவறும். சரிபார்க்க எளிய வழி உண்டு: மே 27, 28 தேதிகளில் பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 15, 16 தேதிகளில் பிற்பகல் 2.57 மணிக்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே இருக்கும். அந்த நேரத்தில் நாம் சூரியனை நோக்கி நின்றால் அதுவே கிப்லா திசை.

வக்ஃபு சொத்தும் வரைபடப் புள்ளியும்

2025 ஜூன் 6 அன்று மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம் உமீத் தளத்தைத் தொடங்கி, வக்ஃபு சொத்துகளை ஆறு மாதத்துக்குள் அளவு, இருப்பிடப் புள்ளி ஆகியவற்றுடன் பதியச் சொன்னது. கால நீட்டிப்புக்கான பொதுக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பர் 1 அன்று ஏற்கவில்லை. தேவைப்படுவோர் வக்ஃபு தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றது. தளம் மூடியபோது 5,17,040 சொத்துகளின் பதிவு தொடங்கப்பட்டிருந்தது. ஒப்புதல் கிடைத்தவை 2,16,905.

முத்தவல்லிகளும் ஜமாஅத் நிர்வாகிகளும் கவனிக்க வேண்டியவை:

1. திறந்தவெளியில் போன் காட்டும் இடம் சுமார் 5 மீட்டர், அதாவது 16 அடி வரை தவறலாம். இரண்டு சென்ட் மனையின் ஒரு பக்கமே ஏறக்குறைய 30 அடிதான். ஆகவே போன் காட்டும் புள்ளி, சொத்து எங்கே என்று சொல்லுமே தவிர எல்லைக்கல் ஆகாது.

2. எல்லைக்கு ஆதாரம் பட்டா, சர்வே எண், புலப்படம், நில அளவையரின் அளவு ஆகியவையே. தரையில் நிலையாக நிறுவிய நிலையங்களின் திருத்தத்தைப் பெற்று அளக்கும் டிஜிபிஎஸ் கருவி சென்டிமீட்டர் கணக்கில் சரியாகக் காட்டும். தகராறு உள்ள இடத்தில் இந்த அளவையே கேளுங்கள்.

3. புள்ளி எடுக்கும்போது கட்டடத்துக்கு வெளியே, மரநிழல் இல்லாத இடத்தில் சில நிமிடம் நின்று எடுங்கள். தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் எழுதுங்கள். மூன்றோடு நிறுத்தினால் 100 மீட்டருக்கு மேல் தெளிவு போய்விடும்.

4. காஞ்சிபுரத்தின் அட்சரேகை சுமார் 12.83 வடக்கு, தீர்க்கரேகை 79.70 கிழக்கு. இரண்டையும் இடம் மாற்றி எழுதினால், புள்ளி நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் பகுதியில் உள்ள ஸ்வால்பார்ட் தீவில் போய் விழும். பதிந்தபின் வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

5. பதிவு செய்த பக்கத்தை அச்செடுத்து, பழைய ஆவணங்களுடன் பள்ளிவாசலில் வையுங்கள்.

இந்திய நிலப்பரப்பை அளக்கும் பெரும்பணி நம் பக்கத்திலிருந்தே தொடங்கியது. 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே கர்னல் லாம்டன் சங்கிலி பிடித்து முதல் அடிக்கோட்டை அளந்தார். சங்கிலி போய்ச் செயற்கைக்கோள் வந்துவிட்டது. அளவு தவறினால் நிலத்துக்காரருக்கு வரும் நஷ்டம் மட்டும் மாறவில்லை.

நாம் கேட்க வேண்டியது

படகு, பள்ளி வேன், விமானம், வங்கி, வக்ஃபு நிலம் என எல்லாம் ஒரே சிக்னலை நம்பும்போது, ஒவ்வொரு துறையும் தனித்தனியே விதி போடுவது போதாது. எத்தனை செயற்கைக்கோள்கள் சேவையில் இருக்கின்றன என்று மக்களுக்குத் தொடர்ந்து சொல்லவும், சிக்னல் கெட்டால் மாற்று ஏற்பாட்டுக்குப் பதில் சொல்லவும், துறைகளை ஒரே மேசைக்கு அழைக்கவும் அதிகாரமுள்ள ஓர் அமைப்பு வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி இது.

நம் வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு: போன் காட்டும் புள்ளியைப் பயன்படுத்துவோம், ஆனால் கடலுக்குப் போகும் முன் வானிலை எச்சரிக்கையையும், நிலத்துக்குப் புலப்படத்தையும், கிப்லாவுக்குச் சூரியனையும் வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம்.